குரோமாட்டின் மறுசீரமைப்பும் கருவின் தலையும்: இந்தப் பாடத்தை நான் படித்த விதம்

வளர்ச்சி உயிரியலில் பலர் தள்ளிப்போடும் பகுதி இது. மரபணுப் பெயர்கள் எல்லாம் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். மனப்பாடம் செய்தால் நிற்காது. எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்வி. குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த தொகுப்பை, மாற்றியமைக்கும் புரதங்கள் உடலின் பெரும்பாலான செல்களில் இருக்கின்றன. அப்படியிருக்க, மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று கெட்டால் முகமும் காதும் மட்டும் ஏன் இவ்வளவு அடிவாங்குகின்றன?

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி ஏறத்தாழ 147 கார இணைகள் நீளமுள்ள டிஎன்ஏ, இதுதான் நியூக்ளியோசோம். ஏடிபி என்ற செல்லின் எரிபொருள் மூலக்கூறு தரும் ஆற்றலைச் செலவழித்து அதை நகர்த்துவதும், கழற்றுவதும், ஹிஸ்டோனை மாற்றிப் பொருத்துவதும் மறுசீரமைப்புப் புரதங்களின் வேலை. ஸ்விட்ச்-ஸ்னிஃப், இமிடேஷன் ஸ்விட்ச், சிஎச்டி, ஐநோ80 என்று நான்கு குடும்பங்கள். துணை அலகுகளின் பட்டியலில் மூழ்க வேண்டாம்.

மிச்ச நேரத்தை நியூரல் கிரெஸ்ட் செல்களுக்குக் கொடுங்கள். நரம்புக் குழாயின் முதுகுப்புற விளிம்பில் தோன்றும் இவை, அங்கிருந்து பிரிந்து இடம்பெயர்ந்து, தாடை எலும்பு, முகக் குருத்தெலும்பு, நிறமிச் செல் என்று பலவாக மாறுகின்றன. மனிதக் கருவில் தலைப் பகுதியின் இந்தப் பயணம் நான்காவது வாரத்தை ஒட்டி நடக்கிறது. கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மரபணுத் தொகுதியை அடக்கி இன்னொன்றை எழுப்ப வேண்டும். அதற்குத் தொலைவிலுள்ள ஊக்கிப் பகுதிகள் (மரபணுவைத் தூண்டிவிடும் டிஎன்ஏ துண்டுகள்) திறக்க வேண்டும். புரதம் பாதியாகக் குறைந்தால் இந்த அவசரத்துக்கு அது போதாமல் போகிறது. கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இதுதான்.

எடுத்துக்காட்டுக்குச் சிஎச்டி குடும்பத்தைச் சேர்ந்த சிஎச்டி7 மரபணு ஒன்றை ஆழமாகப் படித்தாலே போதும். சார்ஜ் சிண்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறுக்கு அதன் சடுதிமாற்றங்கள் காரணம் என்று 2004இல் தெரியவந்தது. கண்ணில் பிளவு, மூக்கின் பின்துளை அடைப்பு, இதயக் கோளாறு, உட்காதின் அரைவட்டக் குழல்கள் சரியாக வளராமை ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். சிஎச்டி7, ஸ்விட்ச்-ஸ்னிஃப் குடும்பத்தின் பிபாஃப் கூட்டமைப்போடு சேர்ந்து, சாக்ஸ்9, ட்விஸ்ட்1 போன்ற மரபணுக்களின் ஊக்கிப் பகுதிகளில் அமர்வதை 2010இல் மனித நியூரல் கிரெஸ்ட் செல்களில் காட்டினார்கள். தவளைக் கருவில் இந்தப் புரதத்தைக் குறைத்தபோது சார்ஜின் முக்கிய அம்சங்கள் தோன்றின.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் நியூரல் கிரெஸ்ட்டின் தலையில் கட்டிவிடாதீர்கள். அரைவட்டக் குழல்கள் உருவாவது காதுத் தட்டிலிருந்து, அதாவது கருவின் மேற்தோலில் தடித்த ஒரு பகுதியிலிருந்து. கண் பிளவு வருவது கண் கிண்ணத்தின் (கருவில் கண்ணாக மாறும் கிண்ண வடிவ அமைப்பின்) பிளவு மூடாததால். சிஎச்டி7 அங்கும் வேலை செய்கிறது. இந்த ஒரு பத்தி விடையில் இருந்தால் புரிந்து எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

முகத்தைப் பாதிக்கும் வேறு பிறவிக் கோளாறுகளும் உண்டு; அவற்றில் குழப்பும் பெயர்களை அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது. கபுகி சிண்ட்ரோமின் கேஎம்டி2டி, கேடிஎம்6ஏ இரண்டும் ஹிஸ்டோனில் வேதிக் குறி இடுவதோ அழிப்பதோ செய்யும் நொதிகள். கண்டிப்பான பொருளில் ஏடிபியால் இயங்கும் மறுசீரமைப்பிகள் அல்ல. ட்ரீச்சர் காலின்ஸில் முகம்தான் பாதிக்கப்படுகிறது, ஆனால் அதன் முக்கிய மரபணுவான டிசிஓஎஃப்1இன் வேலை ரைபோசோம் உற்பத்தி சார்ந்தது. ஃப்ளோட்டிங்-ஹார்பரின் எஸ்ஆர்சிஏபி மட்டும் ஐநோ80 குடும்பத்துக்குள் வரும்.

அப்புறம் ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது முதலில் பாருங்கள்: மரபணுவை எங்கே நீக்கினார்கள்? சிஎச்டி7 முழுக்க இல்லாத எலிக் கரு, முகம் உருவாகி முடிவதற்கு முன்பே சுமார் 11ஆம் நாளுக்குள் இறந்துவிடும். முகத்தைப் பற்றி அதிலிருந்து அதிகம் சொல்ல முடியாது. டபிள்யூஎன்டி1-கிரி முறையில் (குறிப்பிட்ட செல்களில் மட்டும் மரபணுவை வெட்டி நீக்கும் உத்தி) பெரும்பாலும் நியூரல் கிரெஸ்ட்டில் மட்டும் நீக்கியபோதும் முகக் குறைபாடு வருகிறது என்றால், அந்தக் குறைபாட்டுக்குக் காரணம் அந்தச் செல்களுக்குள்ளேயே இருக்கிறது என்று வாதாடலாம். வாய்மொழித் தேர்வில் அடுத்த கேள்வி பெரும்பாலும் இங்கேதான் வரும்.