சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே

தமிழ்த்துறையில் ஆய்வு நெறியாளராக இருப்பவர்களுக்கு இந்த அமைப்பு நன்றாகப் பழகியிருக்கும். நான்கு அடி பாட்டு, அதன் கீழே பொழிப்புரை, அதற்கும் கீழே "இதன்வழி இன்னது புலனாகிறது" என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் வேறு பாட்டு, மறுபடியும் "புலனாகிறது". ஓர் இயலின் வரைவு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடிப்போவது இந்த வரிகளைத்தான். ஓரத்தில் பென்சிலால் "எப்படி?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.

"அம்மா, பாட்டடியே கொடுத்திருக்கேனே, அப்புறமும் எப்படின்னு கேட்டா என்ன எழுதறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இளங்கலையில் தொடங்கி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்: சான்று காட்டு, முடிவு சொல். இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது, இந்தச் சான்று இந்த முடிவை ஏன் தாங்கும் என்பதற்கான காரணம். அதை யாரும் கேட்டதில்லை. என்னிடம் வரும் மாணவர்களுக்கு உழைப்பில் குறையே கிடையாது. பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பாட்டு எண்ணைச் சொன்னால் பாட்டையே சொல்வார்கள். அந்த நடுக் கண்ணியைத்தான் நாம் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

ஒரு மாணவியின் இயலைச் சொல்கிறேன். சங்ககாலப் பெண்களின் கல்வி நிலை பற்றியது. "சங்ககாலத்தில் பெண்கள் கல்வியில் சிறந்து விளங்கினர்" என்று தொடங்கி, ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் என்று பெயர்களை அடுக்கியிருந்தாள். சங்கப் புலவர்கள் 473 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பது ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும். முப்பது என்றும் அதற்கு மேல் என்றும் சொல்வார்கள். சான்று உண்மைதான், அதில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை. "சரிம்மா, இந்தப் பெயர்களை வைத்துப் பெண்கள் எல்லோரையும் பற்றி எப்படிச் சொல்கிறாய்? ஔவையார் பாட்டுக் கட்டினார் என்றால் உப்பு விற்கப்போன உமணப் பெண்ணுக்கும் கல்வி இருந்தது என்று ஆகுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "புலவர்களே மொத்தத்தில் கொஞ்சம் பேர்தானே அம்மா, ஆண்களுக்கும் இதே கேள்வி வருமே" என்றாள். அந்த இடத்தில் அவள் ஆய்வுக்குள் நுழைந்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகுதான் புறநானூற்று 246ஆம் பாட்டை எடுத்தோம். பூதபாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. தன்னைத் தீப்பாய விடாமல் தடுக்கும் சான்றோரைப் பார்த்து அவள் பேசுகிறாள். நெய் இல்லாமல், எள் துவையலோடு, புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரையைத் தின்றுகொண்டு, பாயும் இல்லாமல் பருக்கைக் கல்லின்மேல் படுத்துக் கிடக்கிற கைம்பெண்களில் ஒருத்தியாக நான் இருக்கமாட்டேன் என்கிறாள். மாணவிக்கு இந்தப் பாட்டு ஏற்கெனவே தெரியும். தெரிந்தே விட்டிருந்தாள். "தலைப்புக்கு எதிரா இருக்குல்ல அம்மா, சேர்த்தா வாதம் பலவீனமாயிடாதா?"

நெறியாளராக இருந்த காலம் முழுக்க நான் அதிகம் எதிர்கொண்ட பயம் இதுதான். எதிர்ச்சான்றைக் காட்டினால் தோற்றுவிடுவோம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வருகிற புறத்தேர்வாளர் அந்தப் பாட்டைத்தான் முதலில் கையில் எடுப்பார் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஒதுக்கிவைத்த பாட்டில்தான் அவளுடைய ஆய்வே இருந்தது. கல்லின்மேல் படுக்கும் கைம்மையைச் சொல்வதும் ஒரு பெண், அதைப் பாட்டாகக் கட்டுமளவு புலமை பெற்றவளும் அவளே. புலமையும் ஒடுக்குமுறையும் ஒரே குரலில் வருகின்றன. பெண்கல்வி இருந்ததால் பெண்ணின் நிலை உயர்ந்திருந்தது என்று எல்லோரும் போடுகிற கணக்கை இந்த ஒரு பாட்டே நிறுத்திவைக்கிறது.

பக்கத்துப் பாட்டுகளையும் படிக்கச் சொன்னேன். 248இல் ஒக்கூர் மாசாத்தனார், ஆம்பல் விதையான அல்லியரிசியை உண்ணும் கைம்பெண்ணைப் பாடுகிறார். ஒரு பாட்டைத் தனியே பிடுங்கி எடுத்து வைத்தால் அது எதற்கு வேண்டுமானாலும் சான்றாகிவிடும். அந்த இயல் திரும்பி வந்தபோது முதல் வரி மாறியிருந்தது. பெண்கள் எல்லோரும் என்ற பேச்சே இல்லை. பாடல் மரபில் இடம்பெற்ற பெண்களின் புலமை, அவர்களைக் கைம்மை நோன்பிலிருந்து விலக்கிவைக்கவில்லை என்று எழுதியிருந்தாள். முன்னதைவிடச் சின்ன முடிவுதான், ஆனால் எவ்வளவு தட்டினாலும் அசையாது.

இந்த நடுக் கண்ணியைப் பற்றிப் பேச வெளிநாட்டு நூல்களுக்குப் போகவேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அதைத்தான் சொல்லித் தருகிறார். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவவேண்டிய முடிவு. புகையுடையது ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தால்தான் மலைப்புகை மலைநெருப்பைச் சொல்லும். அந்தக் காதை இதோடு நிற்காமல், பக்கம் எப்படிப் போலியாகும், ஏது எப்படிப் போலியாகும், எடுத்துக்காட்டு எப்படிப் போலியாகும் என்று வகைவகையாகப் பிரித்துப் போகிறது. முதுகலையில் அதைத் தத்துவப் பகுதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் ஆய்வு நெறிமுறைத் தாளுக்கு முதல் பாடமே அதுதான்.

வகுப்பில் நான் அடிக்கடி எடுப்பது கயவாகு விவகாரம். சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது. இலங்கை மன்னர்களின் வரலாறு சொல்லும் பாலி நூலான மகாவம்சத்தில் கஜபாகு என்ற பெயரில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னன் உண்டு. இரண்டாம் கஜபாகு 12ஆம் நூற்றாண்டுக்காரன், அவன் பொருந்தமாட்டான். ஆகவே செங்குட்டுவன் காலம் 2ஆம் நூற்றாண்டு, அதைப் பிடித்துக்கொண்டு சங்ககாலத்தையே வரையறுக்கலாம் என்று வாதம் போகும். இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் இதன்மேல் நிற்கின்றன.

இதில் சொல்லாமல் விட்டவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள் என்பேன். கயவாகுவும் கஜபாகுவும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டது ஒன்று. இந்தச் செய்தி வரும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் நடந்ததை நடந்தபடி பதிவுசெய்தது என்று எடுத்துக்கொண்டது இன்னொன்று. கஜபாகுவைப் பேசும் மகாவம்சம் அவன் சேரர் தலைநகர் வஞ்சிக்கு வந்ததைப் பற்றியோ பத்தினி வழிபாட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுபோனான் என்ற செய்தி பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த சிங்கள நூலான இராஜாவலியத்தில்தான் வருகிறது.

ஒருமுறை ஒரு மாணவர் எழுந்து, சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில், பரணர் செங்குட்டுவனைப் பாடிய ஐந்தாம் பத்தின் பதிகத்திலும் செங்குட்டுவன் பத்தினிக்குக் கல் கொண்டுவந்த செய்தி இருக்கிறதே என்றார். நல்ல சான்று. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "தம்பி, பதிகம் பின்னாடி சேர்த்ததுப்பா. பரணர் பாட்டுக்குள்ள கண்ணகி எங்க இருக்கா?" அன்றைக்கு நான் பேசவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு நூல்கள் ஒன்றையே சொன்னால் இரண்டு சான்று ஆகிவிடாது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கோ, பொதுவான ஒரு கதையிலிருந்து இரண்டுக்குமோ அது போயிருக்கலாம் என்பதை அவர்களே பேசிப்பேசி எட்டிவிட்டார்கள்.

அப்புறம் இதன் பக்கத்தில் கரூருக்கு அருகிலுள்ள புகலூர்க் கல்வெட்டை வைப்பேன். ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் ஆறுநாட்டார் மலையில் தமிழ் பிராமியில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு சமணத் துறவிக்குக் குகையில் உறையுள் அமைத்துக் கொடுத்தபோது வெட்டியது. வெட்டியவருக்குப் பதிற்றுப்பத்தை மெய்ப்பிக்கும் நோக்கம் எதுவும் இல்லை. இருந்தும் அதில் வரும் இரும்பொறை மரபின் பெயர்கள் இங்கே எதிரொலிக்கின்றன. பெயர்கள் அச்சு அசலாக ஒத்துப்போகவில்லை என்பதால் எந்த அரசன் எவன் என்பதில் பேச இடமிருக்கிறது. ஆனாலும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சந்திக்கும் சான்றின் பலம் மாணவர்களுக்கு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

முன்னாய்வுகள் பகுதிக்கு நன்னூலின் எழுவகை மதம் எனக்குப் பெரிய துணை. உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை ஏற்று நடந்து பின் களைதல், இருவர் மாறுபட்டால் ஒருபக்கம் துணிதல் என்று அது போகும். "இந்த ஆய்வாளர் இவ்வாறு கூறுகிறார்" என்று வரிசையாகப் பெயர் எழுதி வருபவர்களிடம், இவர்களில் ஒவ்வொருவரிடமும் உன் மதம், அதாவது உன் நிலைப்பாடு, எது என்று கேட்பேன். பதில் வந்துவிட்டால் அந்தப் பகுதி தானே ஒழுங்காகிவிடும்.

இப்போது பிள்ளைகளுக்குப் பெரிய கவலை ஒற்றுமை விழுக்காடு, அதாவது ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை நடவடிக்கை இல்லை. அந்த எண்ணுக்குள் கொண்டுவரச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வாதம் நிற்கிறதா என்று எந்த மென்பொருளும் பார்க்காது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய அடிகளும் வரத் தொடங்கிவிட்டன. பாட்டு எண் இருக்கும், புலவர் பெயர் இருக்கும், நூலைத் திறந்தால் அந்த அடி இருக்காது. அதனால் மேற்கோள் அடி ஒவ்வொன்றையும் அச்சு நூலில் என் முன்னால் விரித்துக் காட்டவேண்டும் என்று வைத்திருக்கிறேன். முடிந்தால் உ.வே.சா. பதிப்பில். அவர் குறித்துவைத்த பாடபேதங்களை, அதாவது ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்களைப் பார்த்தால், நாம் ஒரே வடிவம் என்று நினைத்த சான்றுக்கே வேறு வடிவங்கள் இருந்தன என்பது தெரியும்.

முனைவர் பட்டப் பயிற்சித் தாளில் கருதுகோளின் வகைகளை எழுதச் சொல்லி இன்னும் கேள்வி வருகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். அதற்குப் பதிலாக ஓர் ஆய்வேட்டின் இரண்டு பக்கத்தைக் கொடுத்து, இதில் சொல்லாமல் விட்ட காரணம் எது, இதற்கு எதிர்ச்சான்று எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம் என்று பாடத்திட்டக் கூட்டத்தில் சொன்னேன். திருத்துவது கடினம், ஒரே விடை வராது என்றார்கள். விடைக்குறிப்பு ஒன்றை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் வைக்க.