ஷார்ட் அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

"பிட்காயின் இன்னும் இறங்கும்ண்ணா, ஷார்ட் போட்டுடலாமா?" என்று தம்பி கேட்டான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஷார்ட் என்றால் கையில் இல்லாததை முதலில் விற்பது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பவுன் இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்றுவிடுகிறீர்கள், விலை இறங்கியதும் ஒரு பவுன் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் உங்களுக்கு. ஏறிவிட்டால்? அக்காவுக்கு வேண்டியது பவுன்தான், என்ன விலை விற்றாலும் வாங்கிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காயின் வாங்கி அது பூஜ்யமானால் போட்ட பணத்தோடு போச்சு. ஷார்ட்டில் நஷ்டத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

கிரிப்டோவில் பெரும்பாலானவர்கள் காயினை இரவல் வாங்குவதில்லை. 2016-இல் பிட்மெக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கொண்டுவந்து பிறகு எல்லா இடத்திலும் பரவிய பெர்பெச்சுவல் ஒப்பந்தத்தில்தான் ஷார்ட் போடுகிறார்கள். காயின் கை மாறாது, அதன் விலை ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம் அது. அதற்குக் காலாவதித் தேதி இல்லை. அதனால் ஒப்பந்த விலை சந்தை விலையைவிட்டு விலகாமல் இருக்க ஃபண்டிங் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பல இடங்களில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒப்பந்த விலை மேலே இருந்தால் லாங் போட்டவர் (ஏறும் என்று வாங்கியவர்) ஷார்ட்டுக்குக் கொடுக்கணும், கீழே இருந்தால் ஷார்ட் போட்டவர் கொடுக்கணும். அதாவது ஊரே ஷார்ட்டில் இருக்கும்போது, சும்மா வைத்திருப்பதற்கே பணம் கரையும்.

2023 ஜனவரியில் நான் பட்டது இது. எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் மூழ்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அடுத்து கிரிப்டோ கடன் கொடுக்கும் ஜெனிசிஸ் விழும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் நம்பி 17,200 டாலரில் பத்து மடங்கு லெவரேஜில், அதாவது கைப்பணத்தைப் போலப் பத்து மடங்குக்கு, பிட்காயினை ஷார்ட் போட்டேன். மார்ஜின், அதாவது ஈடாக வைத்த கைப்பணம், 100 டாலர். திரையில் லிக்விடேஷன் விலை (நஷ்டம் மார்ஜினைத் தின்றுவிடும் நிலையில் எக்ஸ்சேஞ்சே பொசிஷனை மூடிவிடும் விலை) 18,800-க்குப் பக்கத்தில் சிவப்பாக நின்றது, அது ரொம்ப தூரம் என்று நினைத்தேன். நாலு நாள்கூடத் தாங்கவில்லை. ராத்திரி போனைப் பார்க்கிறேன், பொசிஷனே இல்லை, மார்ஜின் காலி.

இதில் கவனிக்க வேண்டியது, ஷார்ட்டை மூடுவது என்றாலே வாங்குவதுதான். என்னுடையதை எக்ஸ்சேஞ்ச் தானாக வாங்கி மூடியது, என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்களுடையதையும். அந்த வாங்கல் விலையை இன்னும் மேலே தள்ள, அடுத்த ஷார்ட் மாட்டும். 14-ஆம் தேதி விலை 20,000-ஐத் தாண்டியிருந்தது.

ஜெனிசிஸ் 19-ஆம் தேதி திவால் மனு போட்டது. நான் காத்திருந்த செய்தி அப்படியே வந்தது, பிட்காயின் மறுநாள் ஏறியது! அந்தச் செய்தியை எதிர்பார்த்து விற்க வேண்டியவர்கள் எல்லாம் முன்பே விற்று முடித்திருந்தார்கள் என்பதுதான் என் கணிப்பு.

தம்பியிடம் லெவரேஜை இரண்டு மடங்குக்கு மேல் தொடாதே, ஃபண்டிங்கைப் பார்த்துவிட்டு இறங்கு என்றேன். அப்புறம், விலை ஏறினால் எந்த இடத்தில் வெளியே வருவாய் என்று கேட்டேன். விலை இறங்கினால் என்ன என்ற கணக்கு மட்டும்தான் அவனிடம் இருந்தது.