ஜன்னல் கண்ணாடி போல ஒரு வாழ்த்து அட்டை: நாலாவது முறையில் கைகூடியது

இந்த கிறிஸ்துமஸுக்குக் கடையில் அட்டை வாங்கப்போவதில்லை என்று நவம்பர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன். காரணம் புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்கா. அங்கே ஜன்னல்களில் 28 புனிதர்களின் உருவங்கள் வண்ணக் கண்ணாடியில் இருக்கின்றன. நான் போன அன்று வெயில் அந்தக் கண்ணாடி வழியாக இறங்கி, முன் பெஞ்சில் இருந்த ஒரு பாட்டியின் வெள்ளைப் புடவையில் நீலமும் சிவப்புமாக விழுந்திருந்தது. அந்தப் புடவைதான் மனதை விட்டுப் போகவில்லை.

முதல் அட்டையில் ஐவரி கார்டிலேயே நட்சத்திரம் வரைந்து, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, அதன்மேல் கிளியர் கிளேஸ், அதாவது காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்து பளபளக்கும் பசை போன்ற திரவம், ஊற்றினேன். ஸ்கெட்ச் பேனா மை தண்ணீரில் கரைவது, என் கிளேஸும் தண்ணீர் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்து சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. இரண்டாவதுக்கு ஆல்கஹால் மார்க்கர் வாங்கினேன், மை ஓடவில்லை, பளபளப்பும் நன்றாக வந்தது, ஆனாலும் பார்த்தால் மேலே வார்னிஷ் அடித்த படம் மாதிரிதான் இருந்தது. பின்னால் அட்டை அடைத்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் எங்கிருந்து வரும்? எவ்வளவு கிளேஸ் ஊற்றினாலும் அது கண்ணாடி ஆகாது என்பது அப்போதுதான் புரிந்தது.

சரி, அட்டையில் ஜன்னலே வெட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஏ5 அளவு கனமான (300 ஜிஎஸ்எம்) அட்டையை இரண்டாக மடித்து, முன்பக்கத்தில் கட்டரால் வளைவு ஜன்னல் வெட்டி, உள்பக்கம் ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். கோடுகளைத் தாளில் வரைந்து ஜெராக்ஸ் கடையில் ஷீட்டில் எடுத்துக்கொண்டேன். சூடு தாங்கும் ஷீட்தானா என்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், சாதா பிளாஸ்டிக் ஷீட் மெஷினுக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். கோடு ஒரு பக்கம், மார்க்கர் அதன் மறுபக்கம். அப்படிச் செய்தால் மார்க்கர் எவ்வளவு ஓரத்துக்குப் போனாலும் கறுப்பு கலங்குவதில்லை.

மூன்றாவதிலும் ஏதோ குறைந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் பிடிபட்டது: தப்பு கோட்டில். உண்மையான ஜன்னலில் அந்தக் கறுப்புக் கோடு அலங்காரத்துக்குப் போட்டதில்லை, கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் ஈயப் பட்டை அது. அதனால் எந்தக் கோடும் நடுவில் அந்தரத்தில் நின்றுபோகாது, ஒவ்வொன்றும் இன்னொரு கோட்டிலோ சட்டத்திலோ போய் முட்டும். நான் வரைந்த புறாவின் இறகுக் கோடுகள் பாதியில் நின்றிருந்தன. அவற்றை நீட்டி ஓரம் வரை கொண்டுபோனேன், வானத்தையும் ஒரே நீலமாக விடாமல் ஆறேழு துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு நீலத்தைக் கொஞ்சம் மாற்றினேன். நாலாவது அட்டையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாங்கிப் பார்த்துவிட்டு, உடனே திருப்பித் தரவில்லை.

கிளேஸ் விஷயத்தில் பொறுமைதான் முக்கியம். பாட்டிலைக் குலுக்கவே கூடாது, குலுக்கினால் குமிழிதான். பாட்டிலின் மூக்கை ஷீட்டில் லேசாகத் தொட்டபடி ஒரு துண்டின் ஓரத்தில் தொடங்கி, உள்ளே சுற்றிச் சுற்றி நிரப்ப வேண்டும், கோட்டின்மேல் ஏறாமல். ஊற்றியவுடன் பால் மாதிரி வெளுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம், காயக் காயத் தெளிந்துவிடும். குமிழி வந்தால் ஊசியை நேராகக் குத்தாமல், சாய்வாக அடியில் கொடுத்து ஓரத்துக்கு இழுத்து உடையுங்கள். குண்டூசி முனையளவு குமிழியை விட்டாலும் காய்ந்தபின் வெளிச்சத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் காட்டினேன், மேல்பக்கம் மட்டும் ஆடை கட்டி உள்ளே புதுக் குமிழிகள் கிளம்பின. அதோடு அதை விட்டுவிட்டேன். ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் காயும்போது சுருங்கி ஷீட்டையும் வளைத்துவிடுகிறது. மெல்லிசாக இரண்டு தடவை, நடுவில் ஒரு ராத்திரி விட்டு. மழை நாளில் இரண்டு ராத்திரி கூட ஆனது.

காய்ந்த கிளேஸின் மேடுபள்ளம்தான் அட்டைக்கு உயிர். கிளேஸ் இல்லாத ஷீட்டிலும் வண்ணம் தரையில் விழும், ஆனால் தட்டையாக விழும். கிளேஸ் போட்டதில் நடுவில் கொஞ்சம் பிரகாசமாகவும் ஓரத்தில் அலையலையாகவும் விழுகிறது. காலை எட்டு மணி வெயிலில் வைத்துப் பார்த்தேன், வெள்ளை மேசை விரிப்பில் நீலம் அப்படியே நடுங்கியது.

ஒரே ஒரு கவலை. கண்ணாடியில் நீலம் கோபால்ட்டில் வருவது, நூற்றாண்டுகள் நிற்கும். மார்க்கர் மை வெயிலில் வெளுக்கும். அதனால் அட்டைக்குள்ளேயே, நாள் முழுக்க நேர் வெயிலில் வைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டேன்.

இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது. காய்ந்ததென்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதில் இரண்டு ஒட்டிக்கொண்டன, பிரித்தபோது ஒன்றில் புறாவின் தலை உரிந்துவிட்டது. இப்போது நடுவில் பட்டர் பேப்பர் வைக்கிறேன், உறைக்குள் போடும்போதும் ஒரு துண்டு. இன்னும் ஆறு போட வேண்டும், அதில் பெரியம்மாவுக்கு மட்டும் சிவப்பு கூடுதலாக.