டோக்கியோவில் ஜாமீன் கேட்காத வீடு

மாத வாடகை 65,000 யென். முன்பணம் ஒரு மாத வாடகை. வீட்டுக்காரருக்கு ‘ரெய்கின்’ என்ற நன்றிப் பணம் இன்னொரு மாத வாடகை. அது திரும்பி வராது. தரகு, வரியோடு 71,500. நாம் வாடகை தராவிட்டால் ஜாமீன்தாரரைப் போலப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாத வாடகை. இவற்றோடு முதல் மாத வாடகை, தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. டோக்கியோ தரகர் ஒருவர் எனக்குப் போட்டுக் கொடுத்த கணக்குத் தாளின் அடியில் 3,37,000 யென் என்று இருந்தது. சமையல் மேடையையும் சேர்த்து இருபது சதுர மீட்டர்கூடத் தேறாத அறைக்குக் குடிபுகும் முன்பே ஐந்து மாத வாடகைக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

அப்போது நான் ஒரு ஷேர் ஹவுஸில் இருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். கட்டில், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கும், ஜாமீன் கேட்கமாட்டார்கள். ஆனால் பொதுச் சமையலறையில் பெருங்காயம் போட்டுத் தாளித்த அன்று மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிவந்து ஜன்னலைத் திறந்ததைப் பார்த்த பிறகு, தனி வீடு என்ற எண்ணம் உறுதியாகிவிட்டது.

பணத்தைப் புரட்டிவிடலாம்; வீடு கிடைப்பதுதான் கடினம். தரகர்கள் நம் எதிரிலேயே வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைப்பார்கள். வயது, வேலை, சம்பளம் எல்லாம் சொன்ன பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, வந்திருப்பவர் வெளிநாட்டவர் என்பார்கள். மறுமுனையில் என்ன பதில் என்பது ஜப்பானிய மொழி தெரியாதவருக்கும் தரகரின் முகத்திலிருந்தே விளங்கிவிடும். ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை குறைவாகவே தோன்றியது. இதைத் தரகரின் வன்மமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர்களில் பலர் முதியவர்கள். வாடகை பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான், குப்பையைப் பிரித்துப் போடத் தெரியாது, அவசரத்துக்குப் பேசினால் புரியாது என்று பயப்படுகிறார்கள். பயத்தின் காரணம் புரிந்தாலும் அன்று மாலை வேறொரு வாசலைத் தேடி அலைவது என்னவோ நாம்தான்.

ஜாமீன்தாரர் விஷயம் இதைவிடச் சங்கடமானது. அலுவலகத்தில் நெருக்கமாகப் பழகும் ஒருவரிடம் கேட்டேன். அவரும் சரி என்றார். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்திருத்தப்படி, தனிநபர் ஜாமீன் நின்றால் அவர் அதிகபட்சம் எவ்வளவு பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் தொகையாக எழுதியாக வேண்டும். ஜாமீன் நிற்பவரைக் காப்பாற்ற வந்த நல்ல திருத்தம் அது. அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்த என் நண்பர் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவரை மேற்கொண்டு வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. உத்தரவாத நிறுவனத்தை நாடினாலும், ஜப்பானுக்குள்ளேயே ஓர் அவசரத் தொடர்பு ஆள் வேண்டும் என்கிறார்கள்.

எதோகாவா வட்டாரத்தின் நிஷி-கசாயில் ஏன் இத்தனை இந்தியர்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தோசாய் ரயிலில் ஏறினால் அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சிக்கு நேராகப் போகலாம் என்பது ஒரு காரணம். அங்கே ‘யூஆர்’ குடியிருப்புகள் இருப்பது இன்னொரு காரணம். யூஆர் என்பது அரசு சார்ந்த வீட்டு வாடகை அமைப்பு. 1955இல் தொடங்கிய ஜப்பான் வீட்டுவசதிக் கழகத்தின் வழிவந்தது. ரெய்கின் இல்லை, தரகு இல்லை, ஜாமீன் இல்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் கட்டணமும் இல்லை. முன்பணம் மட்டும் இரண்டு மாத வாடகை. முறையான நீண்டகால விசாவும் வருமானத் தகுதியும் இருந்தால் எந்த நாட்டவர் என்பது தடையாவதில்லை. மறுப்பதற்கு அங்கே தனி வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை.

வருமானத் தகுதியில் மட்டும் கறாராக இருப்பார்கள். தனியாளுக்கு வாடகை 62,500 யென்னுக்குக் கீழே என்றால் வாடகையைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் வேண்டும். அதற்கு மேல் 2 லட்சம் வரையிலான வாடகைக்கு 2,50,000 யென் போதும். வருமானம் போதாதவர்கள் வாடகையைப் போல நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம். மாணவர்களுக்கு இது எட்டாத மலை. ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டும் வழியும் உண்டு. ஊரிலிருந்து பணம் வரவழைக்க முடிந்தவர்கள் அதை விசாரிக்கலாம்.

நிஷி-கசாயில் என் கைக்கு அடங்கிய வாடகையில் எதுவும் காலியாக இல்லை. இட்லி மாவு கிடைக்கும் ஊரிலேயே வீடு வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் தேடல் எளிதாகிவிட்டது. இதாபாஷி வட்டாரத்தின் தகாஷிமதைரா, 1972இல் மக்கள் குடியேறத் தொடங்கிய மிகப் பெரிய குடியிருப்பு. பதினான்கு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். மிதா ரயிலில் அங்கிருந்தும் ஓதேமாச்சிக்கு நேராக வரலாம். காலி வீடுகளை யூஆர் தன் இணையதளத்திலேயே காட்டுகிறது. முதலில் கேட்பவருக்கே வீடு. ஆகவே காலையில் பல் துலக்கும்போதே பார்க்கத் தொடங்கினேன்.

பட்டியலில் பாதி வாடகைக்கும் சில வீடுகள் இருந்தன. முன்பு குடியிருந்தவர் உள்ளேயே இறந்துபோன வீடுகள் அவை. எனக்குப் பேய் பயம் கிடையாது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் சலுகை முடிந்து முழு வாடகைக்கு வந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். கட்டடம் பழையதாயிற்றே என்ற கவலையும் இருந்தது. 1981 ஜூனில்தான் நிலநடுக்கக் கட்டட விதிகள் கடுமையாயின. நிலநடுக்கத் தாங்குதிறன் பரிசோதனை முடிவுகளைக் கட்டடவாரியாக யூஆர் வெளியிட்டிருக்கிறது. கட்டட எண்ணைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

62,000 யென் வாடகையில் ஒரு வீடு அமைந்தது. குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று, வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை ஆகியவற்றோடு, ஒப்பந்தம் முழுவதும் ஜப்பானிய மொழி என்பதால் ஜாமீனுக்குத் தயங்கிய அதே நண்பரையும் அழைத்துப் போனேன். விதிகளை வாசித்துச் சொல்வதற்கு அவர் துளியும் தயங்கவில்லை. முன்பணம் 1,24,000 யென்னும், அந்த மாதத்தில் மீதமிருந்த நாள்களுக்கான வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் கட்டியதோடு சரி.

சாவி வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: வீட்டில் விளக்கு இருக்காது. கூரையில் மாட்டும் இணைப்பு மட்டும் இருக்கும். அடுப்பு, திரைச்சீலை எல்லாம் நம் பொறுப்பு. எரிவாயு இணைப்பைத் திறக்க ஊழியர் வரும்போது நாம் வீட்டில் இருந்தாக வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஊரே வீடு மாறும் என்பதால் அதற்கு முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள். குடிபுகுந்த 14 நாள்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தால் குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் புதிய முகவரியை எழுதித் தருவார்கள். வங்கியும் கைபேசி நிறுவனமும் கேட்பது அந்தப் பின்பக்கத்தைத்தான். இரண்டு பக்கமும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.