4 கேட்டேன், 16 வந்தன

அம்மாவின் கோல நோட்டுகள் 9, பக்கங்கள் 640. பெங்களூரு அல்சூர் வீட்டுப் பரணில் கிடந்தவற்றை ஒரு மாதமாக ஸ்கேன் செய்து, எங்கள் தெருப் பெண்கள் பார்ப்பதற்காகச் சின்னதாக ஓர் இணையதளம் கட்டி வருகிறேன். நிரல் எழுத பிஎச்பி, தரவுகளை வைக்க மைஎஸ்க்யூஎல், எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கிய, 4 கோர் (செயலிக் கரு), 4 ஜிபி நினைவகம் உள்ள லினக்ஸ் கணினி. செலவு என்று சொன்னால் அந்தக் கணினி ஒன்றுதான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 அளவுகளில் படம் வேண்டும். அதைச் சுருக்கி எடுக்கப் பக்கத்துக்கு 4 விநாடி ஆனது. முதலில் இந்த வேலையை இணையப் பக்கத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்த பிறகும் உலாவி சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்குப்படி 43 நிமிடம். டெர்மினலில் பார்த்தால் ஒரு கோர் மட்டும் மாடாக உழைக்க, மற்ற மூன்றும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் சேய்ச் செயல்முறைகளை, அதாவது ஓடும் நிரல் தாயாக இருந்து பெற்றெடுக்கும் தன் நகல்களை, வைத்து வேலையைப் பங்கு போட்டால் என்ன என்று தோன்றியது.

பிஎச்பியில் இதற்குப் பிசிஎன்டிஎல் என்ற நீட்சி இருக்கிறது. விண்டோஸில் ஓடாது. இணையப் பக்கங்களைப் பரிமாறும் வெப் சர்வருக்குள் வைத்து இதைப் பயன்படுத்தக் கூடாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. ஆகவே வேலையை இரண்டாக வெட்டினேன். பொத்தானை அழுத்தினால் 'இவற்றைச் செய்ய வேண்டும்' என்று தரவுத்தள அட்டவணையில் எழுதி வைப்பதோடு இணையப் பக்கத்தின் கடமை முடிந்தது. கட்டளை வரியில் தனியாக ஓடும் நிரல் ஒன்று அதைப் படித்துச் சேய்களைப் பெற்று வேலை வாங்கும்.

அந்த நீட்சியின் ஃபோர்க் என்ற கட்டளையை அழைத்ததும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இரண்டாகிவிடுகிறது. இரண்டும் அதே வரியிலிருந்துதான் மேலே போகும். தாய்க்குச் சேயின் எண் கிடைக்கும், சேய்க்கு 0 கிடைக்கும். பிறக்கவே முடியாவிட்டால் தாய்க்கு -1. இந்த எண்ணைப் பார்த்துத்தான் 'நான் யார்' என்று ஒவ்வொன்றும் தெரிந்துகொள்கிறது. படித்தபோது எளிதாகத்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை 4 முறை சுற்றும் வளையத்துக்குள் ஃபோர்க்கை வைத்தேன். கணினி முனகியது. எண்ணிப் பார்த்தால் 16 செயல்முறைகள்! வேலை முடிந்த சேயை எக்ஸிட் சொல்லி வெளியே அனுப்ப மறந்திருக்கிறேன். அதுவும் வளையத்தின் அடுத்த சுற்றுக்குப் போய்த் தானும் பெற்றிருக்கிறது. 2, 4, 8, 16. பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக 4 சேய்கள். 12 நிமிடத்தில் முடிந்தது. கொண்டாட்டமாக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேர்க்கோலத்தைச் சொடுக்கினால் எதிர் வீட்டு அத்தை எழுதிக் கொடுத்த பாம்புக்கோலம் வந்து நிற்கிறது. கோப்புறையில் இருக்க வேண்டிய சின்னப் படங்கள் 640, இருந்தவை 160. சரியாகக் கால் பங்கு. அந்தக் கால் பங்குதான் திருடனைக் காட்டிக்கொடுத்தது.

கோப்புகளுக்குப் பெயர் வைக்க பிஎச்பியின் எம்டி_ரேண்ட் தரும் தற்போக்கு எண்ணைப் பயன்படுத்தியிருந்தேன். ஃபோர்க்குக்கு முன்பே தாய் அதை ஒரு முறை அழைத்திருந்தது. அடுத்து எந்த எண் என்று அது வைத்திருக்கும் உள்நிலை அப்படியே சேய்களுக்கும் சொத்தாகப் போக, நான்கும் ஒரே எண்களை ஒரே வரிசையில் எடுத்து, ஒன்றின் படத்தின் மேல் மற்றொன்று எழுதிவிட்டது. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடமே எண் கேட்கும் ரேண்டம்_இன்ட் போட்டால் தீர்ந்திருக்கும். ஆனால் நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "புள்ளியை ஒரே ஆள்தான் வைக்க வேண்டும்டா. இழையை எத்தனை பேர் வேண்டுமானாலும் இழுக்கலாம்" என்றாள். கோலத்தைப் பற்றித்தான் சொன்னாள். நான் அன்று இரவே நிரலை மாற்றினேன். எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர், எந்தப் பக்கம் யாருக்கு என்பதெல்லாம் தாயின் வேலை. சேய் சுருக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

என்னை உண்மையிலேயே அழ வைத்தது தரவுத்தள இணைப்பு. முதல் சேய் முடிந்ததும் தாயிடமிருந்து 'மைஎஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே' (தரவுத்தளம் போய்விட்டது) என்று அலறல். தாய் திறந்து வைத்திருந்த இணைப்பைச் சேயும் பிறக்கும்போதே கையில் பிடித்துக்கொண்டு வருகிறது. போகும்போது நல்ல பிள்ளையாக விளக்கை அணைத்து, கதவையும் பூட்டிவிட்டுப் போகிறது. தாய் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். சேய் தனக்கென்று புது இணைப்பைத் திறந்தும் பயனில்லை, பழையதையும் சேர்த்தே மூடுகிறது. தாய் தரவுத்தளத்திலிருந்து வேலைப் பட்டியலை வாங்கியதும் இணைப்பை மூடிவிட வேண்டும், அதன் பிறகே ஃபோர்க். பிறகு அவரவர் தனியாகத் திறந்துகொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் போயின.

முடிந்த சேயை வெயிட்பிஐடி சொல்லித் தாய் கணக்கு முடிக்காவிட்டால், அது ஜாம்பியாக, அதாவது செத்த பிறகும் நீங்காத பெயராக, செயல்முறைப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும். இதில் மட்டும் நான் மாட்டவில்லை, முன்பே படித்திருந்தேன்.

ஆளுக்கு 160 என்று பிரித்ததும் தப்பு. வண்ணப் பக்கங்கள் நிறைந்த நோட்டு ஒரே சேயின் தலையில் விழுந்ததால் மற்ற மூன்றும் முடித்துவிட்டுச் சும்மா இருந்தன. இப்போது 10 பக்கக் கட்டுகள்; ஒரு சேய் முடிந்ததும் அடுத்த கட்டுக்குப் புதுச் சேய். 12 நிமிடம் 11 ஆனது. ஆசை விடவில்லை, 12 சேய்களையும் விட்டுப் பார்த்தேன். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஏ4 பக்கம் 4960க்கு 7016 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் நினைவகத்தில் விரித்து வைக்கவே ஏறத்தாழ 139 எம்பி. இப்படிப் பன்னிரண்டு. நினைவகம் நிரம்பி வட்டு கரகரக்க, 31 நிமிடம் எடுத்தது. நான்கே போதும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று எல்லாம் முடிந்து அம்மா நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது தலைகீழ்" என்றாள். மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கும் கோலத்தில் தலை ஏது, கீழ் ஏது என்று கேட்டேன். மூலையில் பென்சிலால் எழுதியிருந்த '15-8 இடைப்புள்ளி'யைத் தொட்டுக் காட்டினாள். இதுவரை அப்படி 37 பக்கங்கள் கண்டுபிடித்திருக்கிறாள். இன்னும் 4 நோட்டுகள் பாக்கி இருக்கின்றன.