குப்பைக் குழாயில் போன காளான்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. மூன்று நாளாகக் கொட்டிய மழை அன்றைக்குத்தான் ஓய்ந்திருந்தது. மகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டு இடத்துக்குப் போனேன். சறுக்கெல்லாம் ஈரம். அதனால் யாழினி தன் பிளாஸ்டிக் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் புல்வெளிக்குப் போய் மசாக் மசாக் விளையாட ஆரம்பித்தாள். ஊரில் நாங்கள் கூட்டாஞ்சோறு என்போமே, அதேதான். ஐந்து வயது, பாலர் பள்ளியில் கே1. நான் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. பத்து நிமிடம் நிமிரவே இல்லை.

“அப்பா, சாப்பாடு ரெடி” என்று சட்டியை நீட்டினாள். உள்ளே கிழித்துப் போட்ட புல், கொஞ்சம் மண், அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் காளான். ஓரத்தில் அரை வட்டமாக ஒரு துண்டு இல்லை. சின்ன வாய் கடித்த அளவு.

“சாப்பிட்டியாம்மா?”

“ம்.”

“நிஜமாவா?”

“பொம்மையும் சாப்பிட்டுச்சு.”

வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. விழுங்கியிருந்தால் எப்படி இருக்கும்? அவளைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு ஓடி, வாய் கொப்பளிக்க வைத்து, கை கழுவிவிட்டு, சட்டியில் இருந்ததை அப்படியே கீழ்த்தளத்துக்குப் போகும் குப்பைக் குழாயில் கவிழ்த்தேன். விஷம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்ற ஒரே நினைப்பு. பன்னிரண்டு வருடமாகக் கட்டடப் பராமரிப்பில் வேலை. ஏதாவது நடந்தால் முதலில் படம் எடு, எதையும் அப்புறப்படுத்தாதே என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான்.

மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவில் டாக்டர் மூன்றே கேள்விதான் கேட்டார். எவ்வளவு சாப்பிட்டாள்? எத்தனை மணிக்கு? காளான் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு அவர் திட்டவில்லை. அதே இடத்தில் வேறு காளான் இருந்தால் யாரையாவது எடுத்துவரச் சொல்லுங்கள், குடையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டின் அடிவரை எல்லாம் தெரியும்படி படமும் வேண்டும் என்றார்.

மனைவி கயலுக்குப் போன் அடித்தேன். எடுத்தது என் அம்மா. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாதத்துக்கு எங்களைப் பார்க்க வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்கா இவ்வளவு பதட்டம்? கவலப்படாதப்பா. நான் காலையில நடக்கப் போனப்பவே நாலு பறிச்சு வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? மிளகு போட்டு வறுக்கத்தான். வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பையன் அழுகையை நிறுத்திவிட்டான்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் இடி இடித்து மழை பெய்தால் மறுநாள் விடியலில் புற்றுக்காளான் தேடிப் போவோம். கூடையோடு போகிற பெண்கள் கூட்டத்துக்கு அம்மாதான் தலைவி. இன்னொன்று, மக்கிய வைக்கோல் போர் ஓரத்தில் முட்டை மாதிரி முளைத்து உடைந்து விரியும். சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய். கறிக்குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு இதற்குச் சண்டை போட்டிருக்கிறோம். நாற்பது வருடத்தில் அம்மா பறித்ததைத் தின்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை.

நாங்கள் போன முக்கால் மணி நேரத்தில் கயல் இரண்டு காளான்களைப் பழைய தமிழ் முரசில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்சியில் வந்தாள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துக் குழைந்துவிடும், காகிதம்தான் சரி என்று டாக்டரும் சொன்னார். காகிதத்தைப் பிரித்ததும் கயல் மெதுவாக என் முழங்கையைத் தட்டினாள். “என்னங்க, இங்க பாருங்க.” இரண்டு காளானின் ஓரத்திலும் அதே அரை வட்டக் கடி. ஒன்றில் பளபளவென்று எச்சில் கோடு காய்ந்திருந்தது. நத்தை! மழை விட்டால் எங்கள் நடைபாதையில் கைப்பிடி அளவுக்கு ஊர்கிற அந்த ஆப்பிரிக்க நத்தைகள். அம்மா காலையிலேயே பறித்து வைத்ததை யாழினி கடித்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆனாலும் அவள் ‘ம்’ என்று சொன்னது சொன்னதுதானே. எந்தக் காளான் என்று பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, வயிற்றைக் கலக்கும் ரகமாக இருக்கலாம் என்றார் டாக்டர். பத்து மணி வரை வைத்துப் பார்த்தார்கள். இடையில் அவள் ஒரு பாக்கெட் மைலோ குடித்தாள், இரண்டு தடவை கழிவறைக்குப் போனாள், எனக்கு இரண்டு தடவையும் உயிர் போய் வந்தது. ஒன்றும் இல்லை. கிளம்பும்போது டாக்டர் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை: இராத்திரியோ நாளைக்கோ வாந்தி பேதி வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள், தாமதமாக வருவதுதான் பொல்லாதது.

இராத்திரி முழுக்க அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அது ஏன் என்று தேடிப் படித்தேன். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கிற காளான்கள் பெரும்பாலும் குடலோடு சண்டை போட்டுவிட்டுப் போய்விடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிவிடும், ஆனால் சிகிச்சை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் தாண்டி, சில சமயம் மறுநாள்தான் ஆரம்பிப்பது வேறு ஜாதி. அமாடாக்சின் என்ற நஞ்சு உள்ளவை அப்படி. வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அது சாகாது. முதலில் வாந்தி பேதி, அப்புறம் ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு தெளிச்சி. அந்தத் தெளிச்சிக்குள்ளேதான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

இந்த வகையில் பேர்போனது ஆங்கிலத்தில் ‘டெத் கேப்’ என்பது. ஐரோப்பாவின் ஓக் மர வேர்களோடு சேர்ந்து வாழ்வது, மரக்கன்றுகளோடு கப்பலேறி ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்கிறது. 2011 கடைசி இரவில் கான்பராவில் இதைச் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பேர் புத்தாண்டு தொடங்கிய சில நாட்களில் இறந்துபோனார்கள். ஆசியாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. இளசாக இருக்கும்போது அது முட்டை மாதிரி ஒரு உறைக்குள்ளிருந்து வெளிவரும், அடியில் அந்தப் பை அப்படியே நிற்கும். பார்த்தால் நம் வைக்கோல் காளானேதான்.

இதைப் படித்தபோது மணி மூன்றிருக்கும். அம்மா அந்த ஊரில் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. தெரியாதவன் பறிக்க மாட்டான். ஊரில் நன்றாகத் தெரிந்தவர்தான் வேற்று ஊரில் நம்பிக்கையோடு குனிகிறார்.

ஞாயிறு காலை யாழினி எழுந்து தோசை கேட்டாள். நான் போய்ப் படுத்தேன்.

எழுந்தபோது புளோக் வாட்ஸ்அப் குழுவில் 140 செய்திகள். கயல் யாரிடமோ சொல்லியிருக்கிறாள், அது பரவிவிட்டது. தொட்டாலே விஷம் ஏறும் என்று ஒருவர். அது பொய். காளான் விஷம் வயிற்றுக்குள் போனால்தான், தொட்டால் கையைக் கழுவினால் போதும். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான் படத்தைப் போட்டு ‘நம் வட்டாரத்தில் இன்று’ என்று இன்னொருவர். அது குளிர் நாட்டில் பிர்ச், பைன் மரங்களோடு வளர்கிறது. ஈசூனுக்கு எங்கே வரும்? குளோராக்ஸ் ப்ளீச் வாங்கிப் புல்லில் ஊற்றிவிடலாம் என்றார் மூன்றாமவர், அதற்கு ஆறு கட்டைவிரல். குழந்தைகள் உருளுகிற புல்லில் குளோராக்ஸ்! நான் குடியிருப்புப் பிரச்சினைகளைத் தெரிவிக்கிற ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு தகவல் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதினேன். திங்கட்கிழமை காலை துப்புரவு ஊழியர் ஒருவர் வந்து கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் கட்டிக்கொண்டு போனார். வியாழன் மழைக்கு மறுபடியும் ஐந்தாறு முளைத்தது. மேலே தெரிவது காய் மாதிரி. செடி என்று சொல்லத்தக்க நூல்நூலான பூசண இழை மண்ணுக்குள் மக்கிய புல்லையும் இலையையும் தின்றுகொண்டு வட்டமாகப் பரவுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் அதை ஒழிக்க முடியாது. மழைக்கு மறுநாள் குழந்தைக்கு முன்னால் நாம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துப் பிடுங்கிப் போடலாம், அவ்வளவுதான். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இனி அம்மா விஷயம். ஞாயிறு மத்தியானம் சமையலறையில் பஞ்சாயத்து. மிச்சம் இருந்த இரண்டு காளானும் மேசைமேல்.

“புத்துக்காளான்னா வேர் முழம் நீளத்துக்குப் புத்துக்குள்ள போகுமே. இதுல வேர் எங்கம்மா?”

“இந்த ஊரு மண்ணுல எதுக்குத்தான் வேர் இருக்கு?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நத்தை தின்றிருக்கிறதே, அது செத்தா போச்சு என்றார். வெள்ளிக் கொலுசைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்க்கலாம், விஷம் என்றால் கறுக்கும் என்றார். நத்தையின் வயிறு வேறு, நம் வயிறு வேறு, வெள்ளிக்கும் காளான் நஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. பேச்சில் ஜெயிக்கிற காரியம் இல்லை. கணினியில் படித்த ஒரு வேலையைச் செய்தேன். நன்றாக விரிந்த காளானின் தண்டை வெட்டி, குடையை மட்டும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தேன். வைக்கோல் காளானுக்கு இப்படிச் செய்தால் காகிதத்தில் இளஞ்சிவப்பாகப் பொடி விழும். டெத் கேப்புக்கு வெள்ளை.

இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கிண்ணத்தைத் தூக்கினேன். அம்மா, கயல், யாழினி எல்லோரும் குனிந்து நின்றார்கள். குடையை எடுத்த இடத்தில், நடுவிலிருந்து ஓரம் வரை சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். பச்சை. குளத்துப் பாசி காய்ந்தால் வருகிற மங்கல் பச்சை. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது.

பச்சைப் பொடி கொட்டுகிற பெரிய வெள்ளைக் குடைக் காளான் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் சாதாரணமாக முளைப்பது, மேலே பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகர்கிற ஒரு வளையம். பறித்த அன்றைக்கு அடிப்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது, வயதானால்தான் பச்சை தட்டும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தின்றால் ஓரிரு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பின்னி எடுத்துவிடும். எழுபது வயது உடம்பு தாங்கியிருக்குமா என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மா ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார். “பச்சையா கொட்டுற காளானை நான் பார்த்ததே இல்லப்பா” என்றார். அதற்கப்புறம் வெள்ளிக் கொலுசுப் பேச்சு எழவில்லை. மறுநாள் பேரங்காடியில் கயல் மொட்டுக் காளான் பெட்டி ஒன்றை எடுத்தபோது, பிளாஸ்டிக்கோடு சேர்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, “மண்வாசமே இல்லையே, இதுக்கு எதுக்குக் காசு?” என்று திரும்ப வைத்தார்.

யாழினியிடம் சாவகாசமாக ஒரு நாள் கேட்டேன், அன்றைக்கு நிஜமாகவே சாப்பிட்டாயா என்று. “சும்மா சாப்பிட்டேன்பா” என்றாள். சும்மா சாப்பிடுவது என்றால் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ‘அம் அம்’ என்று சத்தம் போடுவது. அது எனக்குத் தெரியாமலா இருந்தது? தினமும் எனக்கு அப்படித்தானே தேநீர் ஊற்றித் தருகிறாள்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவின் பெட்டியைத் திறந்து அடுக்கி எடை பார்த்தேன். பாஸ்போர்ட் வைத்த உறைக்குள் அந்தப் பச்சைக் காகிதம் நான்காக மடித்து வைத்திருந்தது. செல்வி அக்காவுக்குக் காட்ட வேண்டுமாம். “அம்மா, அது பூராவும் அதோட விதைம்மா” என்றேன். “இருக்கட்டுமே, ஒரு பொட்டலம் பொடி என்ன பண்ணிடப் போகுது” என்றார். காகிதத்தைக் கைப்பேசியில் இரண்டு கோணத்தில் படம் எடுத்து செல்வி அக்காவுக்கே அனுப்பினேன். அப்புறம் அதை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி, இந்தத் தடவை யோசித்துத்தான், குப்பைக் குழாயில் போட்டேன்.