உவரியில் மண் சுமந்த காலை

திருச்செந்தூரில் விசுவரூப தரிசனம் முடிந்ததும் கடலோரச் சாலையிலேயே கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம். அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது அத்தைதான். உவரி சுயம்புலிங்க சுவாமிக்கு மண் சுமப்பதாக, முழங்கால் வலி அதிகமாக இருந்தபோது நேர்ந்துகொண்டாராம். முழங்கால் வலிக்கு மண் சுமக்கிற வேண்டுதலா என்று கேட்டேன். முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

தசராவுக்கு வேடம் கட்டிய கூட்டத்தால் திணறும் குலசேகரன்பட்டினம் அன்றைக்குத் தூக்கம் கலையாமல் கிடந்தது. முத்தாரம்மனை வாசலில் நின்றே கும்பிட்டுக்கொண்டோம். இந்தப் பக்கம்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம் மணப்பாடு. மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் தூரத்திலேயே தெரிந்தது. பெரியதாழை தாண்டியபின் பனையும் செம்மண்ணும்தான். இடது பக்கம் கடல் எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக வந்தது.

உவரிக் கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது. பிராகாரத்திலிருந்து வெளியே வந்தால் காலடியில் மணல். விசேஷம் இல்லாத நாள் என்பதால் இரண்டு மூன்று குடும்பங்கள்தான் இருந்தன. இங்கே பிரபலமான நேர்த்திக்கடனுக்குப் பெரிய செலவு கிடையாது. கடலில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளி, தலையில் சுமந்து வந்து கரையில் குவிக்க வேண்டும். 11 பெட்டி, 41 பெட்டி என்று அவரவர் நேர்ந்ததற்குத் தக்கபடி கணக்கு.

"எத்தன பெட்டிக்கு நேந்திருக்கிய?" என்றார் ஓலைப்பெட்டி விற்கும் அம்மா.

"பதினொண்ணு" என்றார் அத்தை. பாதியை நான் சுமக்கட்டுமா என்று கேட்டேன். அத்தைக்கு முன்னால் அந்த அம்மாவே பதில் சொல்லிவிட்டார். "நேந்தவுகதான் சுமக்கணும். நீங்க வேணும்னா கூட நடங்க. பெட்டி நெறைய அள்ளாண்டாம்மா, பிடி மண்ணு போதும். சாமி அளந்தா பாக்காரு?"

அத்தையோ பெட்டி நிறையத்தான் அள்ளினார். ஈர மணலின் கனம் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். தலையில் வைத்ததும் ஓலைப் பின்னலின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து, நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கும். உப்பு எரியும். துடைக்கலாமென்றால் இரண்டு கையும் பெட்டியில். ஐந்தாவது நடைக்குப் பிறகு அத்தையின் வாய் "சுயம்பே, சுயம்பே" என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே யாரோ குவித்திருந்த மேட்டின் மேலேயே கொட்டினார். கீழே அலை வந்து அதன் ஓரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. பணம் கட்டிச் சீட்டு வாங்கும் எந்த அர்ச்சனையைவிடவும் எனக்கு இது பெரிதாகப் பட்டது.

குளித்து வேறு புடவை மாற்றிக்கொண்டு உள்ளே போனோம். பால் கொண்டுபோனவர் தினமும் ஒரே இடத்தில் கடம்பங்கொடி தடுக்கி விழ, அதை வெட்டியபோது ரத்தம் பீறிட்டதாம். சந்தனம் அரைத்துப் பூசியதும் நின்றதாம். அங்கே சுயம்புவாக வெளிப்பட்டவர்தான் இந்தச் சுவாமி என்கிறது தலவரலாறு. கருவறை முன்னால் நெருக்கித் தள்ள ஆளில்லாததால் நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. பிரம்மசக்தி அம்மன், பேச்சியம்மன், மாடசாமி, இசக்கியம்மன், வன்னியடி சாஸ்தா என்று குலதெய்வங்கள் இங்கேயே கூடியிருப்பதால் பங்குனி உத்திரத்துக்குத் தென்மாவட்டக் குடும்பங்கள் திரண்டு வந்துவிடும். தைப்பூசம், வைகாசி விசாகத்துக்கும் கூட்டம்தான். நின்று கும்பிட வேண்டுமானால் சாதாரண நாளில் போங்கள்.

உவரியில் அந்தோணியார் திருத்தலமும், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயமும் இருக்கின்றன. வழியில் அந்தோணியார் கோயிலிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி அத்தை மெழுகுவத்தி ஏற்றினார். அவரிடமும் ஏதோ பழைய கணக்கு உண்டாம்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "வலிக்கத்தான் செய்யுது, அதுக்கென்ன" என்றார். பேரனுக்கு வேலை கிடைத்தால் 41 பெட்டி சுமப்பதாகப் புதிதாக நேர்ந்துகொண்டு வந்திருப்பதை, கூடங்குளம் தாண்டிய பிறகுதான் சொன்னார்.